கையில நாக்கு இருக்கா, டீச்சர்?

ஐம்புலன் பாடத்தை முதன்முதலில் நடத்தியபோது இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டேன். சுவரில் படத்தை மாட்டினேன். கண் பார்க்கும், காது கேட்கும், மூக்கு முகரும், நாக்கு சுவைக்கும், தோல் உணரும் என்று மூன்று முறை சேர்ந்து சொல்ல வைத்தேன். பயிற்சித்தாளில் கோடு போட்டு இணைக்கச் சொன்னேன். 23 பேரும் சரியாக இணைத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குச் சத்துணவுக் கூடத்திலிருந்து தாளிப்பு வாசம் வந்தது. "இன்னைக்கு என்ன சாப்பாடு, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். நாலைந்து பேர் எட்டிப் பார்க்க வாசலுக்கு ஓடினார்கள். "பாக்காம சொல்லணும்" என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒருவன் எழுந்து கைகட்டிச் சொன்னான்: "மூக்கு முகரும், டீச்சர்."

வாக்கியம் அவனிடம் இருந்தது. மூக்கை அவன் பயன்படுத்தவே இல்லை. அன்றே படத்தைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தேன்.

எங்கள் பள்ளி தூத்துக்குடி மாவட்டத்தில், கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் என்னிடம். உப்பளத்துக்குப் போகிற வீடு, கடலுக்குப் போகிற வீடு, பனையேறுகிற வீடு எனப் பல வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஐம்புலனைக் கற்பிக்கக் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை என்பது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

எந்தப் புலனில் தொடங்குவது என்ற குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர் தொல்காப்பியர். மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் அடுக்கும்போது அவர் தொடுவதை முதலில் வைக்கிறார். பிறகு நாக்கு, மூக்கு, கண், காது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கும் கறையானுக்கும் மூவறிவு, நண்டுக்கு நாலு என்று போகும் அந்த வரிசை. நம் பாடப்படங்கள் கண்ணில்தான் தொடங்கும். கண்ணில் தொடங்கினால் குழந்தை மற்ற நாலையும் கண்ணாலேயே முடித்துவிடுகிறது. அதனால் நான் தொடுதலில் தொடங்கினேன்.

மஞ்சப்பைக்குள் கை

ஒரு மஞ்சப்பையில் கல்லுப்பு, தேங்காய் நார், சங்கு, கோழி இறகு, புளியங்கொட்டை, பனங்கொட்டை ஆகியவற்றைப் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டினேன். கையை மட்டும் உள்ளே விட வேண்டும். பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. எப்படி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த விதிதான் விளையாட்டின் உயிர். பெயரைச் சொல்ல அனுமதித்தால் "சங்கு" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். பெயருக்குத் தடை போட்டதும் வார்த்தைகள் கொட்டின. நறநற, சொரசொர, வழவழ, மொழுமொழு, பிசுபிசு. இவற்றில் ஒன்றைக்கூட நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. வேறொரு வகுப்பில் இரட்டைக்கிளவி என்று இலக்கணமாக வரப்போவது இங்கே ஆறு வயதுப் பிள்ளையின் விரல் நுனியில் இருந்தது.

எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பார்க்கிறோம். எழுத்துக் கூட்டத் திணறும் அரும்பு நிலைப் பிள்ளைகள்தான் அந்தப் பை விளையாட்டில் முன்னால் நின்றார்கள். உப்பள வீட்டுப் பையன் ஒருவன் கல்லுப்பைத் தொட்ட கணமே சிரித்தான். "பெருவெட்டா இருக்கு, டீச்சர். இன்னும் நொறுக்கல" என்றான். அந்த ஒரு மணி நேரமும் அவன்தான் வகுப்பில் கெட்டிக்காரன்.

இன்னொரு நாள் மூன்று கிண்ணங்கள். ஒன்றில் பானைத் தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், நடுவில் சாதாரணக் குழாய் நீர். ஒரு கை குளிர்ந்ததில், மறு கை வெதுவெதுப்பில். அறுபது எண்ணியதும் இரண்டு கையையும் நடுக்கிண்ணத்தில் விட வேண்டும். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் தெரியும். நமது தோல் வெப்பத்தை அளப்பதைவிட மாற்றத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது என்று நான் விளக்குவதற்குள் ஒருத்தி முடிவு சொல்லிவிட்டாள்: "தண்ணி ஒண்ணுதான், கைதான் பொய் சொல்லுது."

நாக்கும் ஒரு கேள்வியும்

சுவைக்கு நான் வைத்த முதல் பொருள்கள் கல்கண்டும் கல்லுப்பும். இரண்டையும் தட்டில் வைத்து, எது எது என்று பார்த்தே சொல்லச் சொன்னேன். பாதிப் பேர் தவறினார்கள். நாக்கில் வைத்ததும் சண்டை தீர்ந்தது. கண் தோற்கிற இடத்தில்தான் நாக்குக்கு மரியாதை வருகிறது.

பிறகு அறுசுவை. வெல்லம், புளி, உப்பு, நெல்லிக்காய், பாகற்காய், மிளகு என்று துளித் துளியாக. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பதை அவர்களே எனக்குச் சொன்னார்கள். காரத்துக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "மிளகாய் நறுக்குனா எங்கம்மைக்குக் கையும்தான் எரியுது. கையில நாக்கு இருக்கா, டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் போய்ப் படித்தேன். அவள் கேட்டது சரியான கேள்வி. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள் சுவை மொட்டுகளைத் தொடுவதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத்தான் தூண்டுகிறது. அந்த நரம்புகள் கையிலும் உண்டு, கண்ணிலும் உண்டு. அந்த நரம்புகளில் உள்ள உணர்வான் எது என்று கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அறிவியல் கணக்கில் சுவை ஐந்து: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. நம் சமையல் கணக்கில் உமாமி இல்லை, காரமும் துவர்ப்பும் சேர்ந்து ஆறு. அவை இரண்டும் பெரும்பாலும் வாய்க்குள் நடக்கும் தொடுதல்தான். மறுநாள் அவளிடம், "கையில நாக்கு இல்ல, நாக்குக்குள்ளயும் கொஞ்சம் கை இருக்கு" என்றேன். அவளுக்குத் திருப்தி.

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று நாக்கைப் பிரித்துக் காட்டும் பழைய படம் உங்கள் வகுப்பில் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது தவறு. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். உப்பு நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியே அதைக் காட்டிவிடும்.

வாசமா, நாற்றமா?

நாக்கிலிருந்து மூக்குக்குப் போக ஒரு பாலம் வேண்டும். எங்களுக்கு அது கருப்பட்டி. வெல்லத்தையும் கருப்பட்டியையும் தனித்தனியே கரைத்து, கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கரண்டி குடிக்கச் சொன்னேன். பனையேறி வீட்டுப் பிள்ளைகளே குழம்பினார்கள். மூக்கை விட்டதும் "இது கருப்பட்டி!" என்று கத்தினார்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சளி பிடித்தால் சோறு இறங்காத காரணம் அன்று அவர்களுக்குப் பிடிபட்டது.

இதற்கு அடுத்து நான் செய்த தவறை இன்றும் மறக்க முடியவில்லை. கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டேன். 'நல்ல வாசம்', 'கெட்ட நாற்றம்'. மல்லிகை, கற்பூரம், காப்பித்தூள், பெருங்காயம், கருவாடு என்று டப்பா டப்பாவாகச் சுற்றில் விட்டேன். கருவாட்டை ஒரு பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கெட்ட கட்டத்தில் போடச் சொன்னான். பலர் சிரித்தார்கள். கருவாடு காயப்போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கழுத்து முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கட்டங்களைப் போட்டது என் கை. மூக்கு வாசனையைத்தான் சொல்லும். நல்லது கெட்டது என்பதை நாமும் ஊரும் சேர்ந்து எழுதுகிறோம். நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த சொல்தான். அடுத்த வாரம் அதே டப்பாக்களை மறுபடி சுற்றில் விட்டேன். இம்முறை கேள்வி ஒன்றுதான்: "இது யாரை ஞாபகப்படுத்துது?" காப்பித்தூள் ஒருவனுக்குத் தாத்தா. கற்பூரம் ஒருத்திக்குக் கொடை விழா. கருவாட்டு டப்பா அந்தப் பெண்ணிடம் வந்தபோது மெதுவாக, "எங்க ஆச்சி" என்றாள். ஆச்சி எப்படி மீனைக் கீறி உப்புத் திணிப்பார் என்று ஐந்து நிமிடம் பேசினாள்.

கண்ணுக்குக் கொஞ்சம்

கண்ணுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை, அது எப்படியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு செயல்பாடு. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் உள்ளங்கையால் கண்ணைப் பொத்தி இருபது எண்ணிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறக்க வேண்டும். எதிரில் இருப்பவர் கருவிழியின் நடுவில் உள்ள பாவையைப் பார்க்க வேண்டும். அது சட்டென்று சுருங்குவதைக் கண்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்துவிட்டார். வெயிலை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே நாலு முறை சொல்லிவிடுங்கள்.

தீப்பெட்டி டெலிபோன்

1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் கல்விக் கருவிகளில் ஒலிப்பெட்டிகள் உண்டு. குலுக்கிப் பார்த்து ஒரே ஓசையுள்ள இரண்டை ஜோடி சேர்க்க வேண்டும். மரப்பெட்டிக்குப் பதில் நான் மூடி போட்ட சிறு டப்பாக்களை எடுத்துக்கொண்டேன். அரிசி இரண்டு, உளுந்து இரண்டு, மணல் இரண்டு, புளியங்கொட்டை இரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எட்டும் ஒன்று போலவே இருக்க வேண்டும்.

எல்லாரும் சேர்த்தார்கள். ஒரு பையன் மட்டும் மணலையும் அரிசியையும் மாற்றி மாற்றி வைத்தான். விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். அவன் எப்போதும் அப்படித்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொல்வதெழுதுதலில் பக்கத்தில் பார்ப்பான். 'கவனமில்லாதவன்' என்று அரை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் தீப்பெட்டி டெலிபோன் செய்தோம். இரண்டு காலித் தீப்பெட்டி, நடுவே விறைப்பாகப் பிடித்த நூல். நூல் தொய்ந்தால் பேச்சு போகாது, சுவரில் உரசினாலும் போகாது. அவன் முறை வந்தது. வலது காதில் வைத்தான். பிறகு இடது காதுக்கு மாற்றினான். மறுபடி வலது. அப்புறம் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, தூரத்தில் நின்று பேசுகிறவனின் உதட்டையே பார்த்தான்.

எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவுக்கு அன்றே போன் செய்தேன். 2013இல் தொடங்கிய திட்டம் அது, பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள். ஒரு காதில் நெடுநாள் சீழ், இன்னொன்றில் நடுக்காதில் நீர் கோத்திருந்தது. சிகிச்சை சில மாதம் நடந்தது. கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அரை வருடத் திட்டுக்கு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது புரிந்ததா தெரியாது, தலையை மட்டும் ஆட்டினான்.

பட்டுத் தெரிந்துகொண்டவை

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை:

• ஐந்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு புலன். மூக்கு மூன்று நான்கு வாசனையிலேயே சோர்ந்துவிடும், நடுவில் வராண்டாவுக்கு அழைத்துப் போய் மூச்சு விடச் சொல்லுங்கள்.

• கண்ணைக் கட்டத் துணி வேண்டாம். ஒரே துணி சுற்றி வந்தால் கண்வலியும் சுற்றி வரும். சில பிள்ளைகள் பயந்தும் போவார்கள். தாங்களாகக் கையால் பொத்திக்கொள்ளட்டும்.

• சுவைக்கு முன் வீட்டில் கேளுங்கள். வேர்க்கடலையோ பாலோ சேராத பிள்ளை இருக்கலாம். ஆளுக்கொரு கரண்டி. 'டீச்சர் கொடுத்தால் மட்டும் வாயில் வைக்கலாம்' என்ற விதியை முதலிலேயே போடுங்கள்.

• பெயர் கடைசியில் வரட்டும். தொட்டு, முகர்ந்து, தின்று, பேசி முடித்த பிறகு 'தோல்', 'மூக்கு' என்று எழுதினால் போதும். சுருட்டி வைத்த என் படம் இப்போது கடைசி வாரம்தான் வெளியே வரும்.

• தவறாகச் செய்யும் பிள்ளையை உடனே திருத்தாதீர்கள். ஏன் தவறுகிறது என்று இரண்டு நாள் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதற்காக என் பாடத் திட்டத்தையே மாற்றிக்கொண்டேன். தொல்காப்பியர் வரிசையில் காது ஐந்தாவது. என் வகுப்பில் இப்போது அதுதான் முதல். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், புத்தகம் வருவதற்கு முன்பே, டப்பாக்களும் தீப்பெட்டிகளும் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.