பெரிய டயரும் பெரிய பொறுப்பும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு நகரம் செலண்டார். நகரைக் கடந்தால் செம்பனைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் தொடங்கிவிடும். அடைமழை பெய்தால் தோட்டத்து மண்பாதைகள் சேறாகிவிடும். அத்தகைய பாதைகளில் ஆள்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிச் செல்ல நான்கு சக்கர இயக்க வாகனம் பெரிதும் உதவுகிறது. அவ்வாகனம் வைத்திருப்போர் பலருக்கும் ஓர் ஆசை எழுவதுண்டு. தொழிற்சாலை பொருத்திய டயரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய டயரைப் பொருத்த வேண்டும் என்பதே அந்த ஆசை.

பெரிய டயரால் பயன் இல்லாமல் இல்லை. வாகனத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து சற்று உயரும். கல்லிலும் கட்டையிலும் இடிபடுவது குறையும். ஆயினும், அதே வாகனம் மாலையில் தார்ச்சாலைக்கு வந்து, பள்ளிப் பேருந்துகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையில் ஓடவேண்டும். எனவே, டயரை மாற்றுவதற்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது அவசியம். அந்த டயர் வாகனத்திற்குப் பொருந்துமா? சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா? காப்புறுதி தொடர்ந்து செல்லுபடியாகுமா?

முதலில் டயரின் அளவைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் 265/65 ஆர் 17 என்று பொறிக்கப்பட்டிருந்தால், அதன் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இவற்றைக்கொண்டு கணக்கிட்டால், டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர் ஆகும். அதற்குப் பதிலாக 285/70 ஆர் 17 அளவுள்ள டயரைப் பொருத்தினால், விட்டம் ஏறக்குறைய 831 மில்லிமீட்டராக உயரும். இது 7 விழுக்காடு கூடுதல். ஆனால், வாகனத்தின் அடிப்பகுதி உயர்வதோ இவ்விட்ட வேறுபாட்டில் பாதிதான். அதாவது 27 மில்லிமீட்டர் மட்டுமே.

இந்த 7 விழுக்காடு வேகமானியையும் பாதிக்கிறது. பழைய டயரோடு மானி சரியாகக் காட்டியதாகக் கொள்வோம். புதிய டயரைப் பொருத்தியபின் மானி மணிக்கு 90 கிலோமீட்டர் என்று காட்டும்போது, வாகனம் உண்மையில் 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் தாம் விதியைப் பின்பற்றுவதாகவே நம்பிக்கொண்டிருப்பார். மேலும், கனமான டயரை நிறுத்த பிரேக்குக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும். வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்வதால், வளைவுகளில் கவிழும் அபாயமும் கூடும். திசைமாற்றியை முழுவதும் திருப்பும்போது, டயர் சக்கரக் கூண்டில் உரசவும் கூடும்.

அகலமும் விட்டமும் மட்டும் போதா. பக்கவாட்டில் காணப்படும் சுமைக் குறியீடும் கவனிக்கத்தக்கது. 112 என்ற குறியீடு, அந்த டயர் 1,120 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் காட்டுகிறது. புதிய டயரின் சுமைத்திறன், தயாரிப்பாளர் நிர்ணயித்ததைவிடக் குறையக்கூடாது. நான்கு டயர்களும் ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். அளவு வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தும்போது பல்லிணைப் பாகங்கள் சேதமடையும்.

மலேசியாவில் வாகனங்கள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றின் கட்டமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய விதிகள் 1959ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளன. தயாரிப்பாளர் அங்கீகரித்த டயர் அளவுகள் வாகனக் கையேட்டிலும், ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்ட வில்லையிலும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி. டயர் சக்கரக் காப்பிற்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அது குற்றமாகும். அதிலிருந்து தெறிக்கும் கல் பின்னால் வருபவரின் கண்ணைப் பறிக்கலாம். டயருக்கு இடம் ஏற்படுத்த வாகனத்தை உயர்த்துவதோ உடற்பகுதியை வெட்டுவதோ தேவைப்பட்டால், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெற வேண்டும். பட்டறைக்காரரின் வாய்ச்சொல் அனுமதி ஆகாது.

அடுத்தது காப்புறுதி. மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி நம் நாட்டில் கட்டாயமானது. காப்புறுதி நிறுவனம், தனக்குத் தெரிவிக்கப்பட்ட வாகனத்திற்கே பொறுப்பேற்கிறது. ஆகவே, மாற்றம் செய்வதற்குமுன் நிறுவனத்திற்கு எழுத்து வழித் தெரிவித்து, எழுத்து வழியே பதிலைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் சந்தா கட்ட நேரிடலாம். மறைத்துவிட்டால், விபத்துக்குப்பின் இழப்பீடு மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடும். அப்பொழுது பழுதுபார்க்கும் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தப்போய், பல்லாண்டுச் சேமிப்பை இழப்பது அறிவுடைமை ஆகுமா?

சேற்றுப் பாதைக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அதே அளவில், ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட கரடுமுரட்டுப் பாதைக்கான டயர்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான தோட்டப் பாதைகளுக்கு அவையே போதும். ‘அகலக்கால் வைக்காதே’ என்று பெரியோர் சொன்னது வாழ்க்கைக்கு மட்டுமன்று, வாகனத்திற்கும் பொருந்தும். சாலை அனைவருக்கும் பொதுவானது. நம் வாகனத்தில் நாம் செய்யும் மாற்றம், எதிரில் வரும் முகமறியாத ஒருவரின் உயிரையும் தொடுகிறது என்பதை மறத்தலாகாது.

சிந்தித்து விடை எழுதுக

1. பெரிய டயர் வேகமானியை எவ்வாறு பாதிக்கிறது?
2. காப்புறுதி நிறுவனத்திற்கு எழுத்து வழித் தெரிவிப்பது ஏன் அவசியம்?
3. உம் வீட்டு வாகனத்தின் டயரில் உள்ள அளவைக் குறித்து வந்து, அதன் முழு விட்டத்தைக் கணக்கிடுக.