கம்பி கட்டிய பற்கள்

நாகபுரியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிற்குத் தஞ்சாவூரிலிருந்து ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பு ஒரு பொட்டலம் வரும். பாட்டி தம் கையால் செய்த முறுக்கும் தட்டையும் பொருள்விளங்கா உருண்டையும் அதில் இருக்கும். அவ்வீட்டின் மகள் ஏழாம் வகுப்பில் பயில்கிறாள். அந்த ஆண்டு பொட்டலம் வந்து சேர்வதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய பற்களுக்குக் கம்பி கட்டப்பட்டிருந்தது.

பாட்டி தொலைபேசியில், "முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறதா, கண்ணு?" என்று கேட்டார்.

"அதை நான் கடிக்கக் கூடாதாம், பாட்டி. டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றாள் பேத்தி.

"பல்லை நேராக்குவதற்குக் கட்டிய கம்பி பலகாரத்தையும் தடுக்குமா?" என்று பாட்டி வியந்தார்.

பாட்டியின் ஐயம் நியாயமானதே. அதற்கு விடை காண வேண்டுமாயின், கம்பி வாய்க்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

குழந்தைகளுக்குப் பாற்பற்கள் 20. அவை விழுந்தபின் நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஞானப்பற்களும் முளைத்து முடிந்தால் மொத்தம் 32. தாடை சிறிதாகவும் பற்கள் பெரிதாகவும் அமைந்துவிட்டால் வரிசையில் இடம் போதாது. அப்பொழுது ஒரு பல் மற்றொன்றின்மேல் ஏறி நிற்கும். இதனைத் தமிழில் தெற்றுப்பல் என்பர். முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றால் அது எத்துப்பல். இவற்றைச் சீராக்கவே கம்பி கட்டப்படுகிறது. பெரும்பாலும் 10 முதல் 14 வயதிற்குள் இச்சிகிச்சை தொடங்கும். பெரியவர்களுக்கும் செய்வது உண்டு.

ஒவ்வொரு பல்லின் மீதும் பிராக்கெட் எனப்படும் சிறு துண்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அத்துண்டுகளின் நடுவே மெல்லிய கம்பி ஓடுகிறது. கம்பி நழுவாமல் இருக்கச் சிறு ரப்பர் வளையங்கள் மாட்டப்படுகின்றன. வளைக்கப்பட்ட கம்பி தன் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயலும். அம்முயற்சியே பல்லை மெல்லத் தள்ளுகிறது. பல், தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் பதிந்திருப்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. பல் தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அது விட்டு விலகும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இவ்வாறு ஒரு பல் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும். ஆகவேதான் சிகிச்சை பலருக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என நீள்கிறது.

பல்லை நேராக்கும் முயற்சி புதியதன்று. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டும் முறையை விளக்கியிருக்கிறார். பிற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினர். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை நன்கு பற்றும் என்பதை 1955இல் மைக்கேல் புவனோகோர் என்பவர் கண்டறிந்தார். பிராக்கெட்டுகளைப் பல்லின் மீது நேரடியாக ஒட்டும் வழி அதன் பயனாகவே பிறந்தது.

சிக்கலும் அந்தப் பிராக்கெட்டைச் சுற்றியே தொடங்குகிறது. சாதாரணப் பல்லின் முகம் வழவழப்பானது. நாக்கும் உமிழ்நீரும் அதனை ஓரளவு கழுவிக்கொண்டே இருக்கும். கம்பி கட்டிய பல்லிலோ உணவுத் துகள் தங்குவதற்கு மூலைமுடுக்குகள் பல. தங்கிய துகளின் மீது கிருமிகள் பெருகி மெல்லிய படலமாகப் படிகின்றன. அவை சர்க்கரையையும் மாவுப்பொருளையும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேலுறை எனாமல் எனப்படும். மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆயினும் அமிலத்தின் முன் அது தோற்றுவிடும். அதிலுள்ள சுண்ணச்சத்து கரைந்து வெளியேறும். அவ்விடம் பளபளப்பை இழந்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். கவனிப்பாரின்றி விட்டால், கம்பி கட்டிய நான்கே வாரங்களில் இத்தகைய வெண்புள்ளி தோன்றக்கூடும்.

நாகபுரிச் சிறுமிக்கும் அவ்வாறே நேர்ந்தது. காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு நிமிடம் பல் துலக்குவாள். இரவில் உறக்கம் வந்தால் அதுவும் இல்லை. பொட்டலத்தில் இருந்த முறுக்கை அவள் கடிக்கவில்லை. ஆனால் உருண்டையை உடைத்துப் பொடியாக்கிப் பகலெல்லாம் வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கடிக்காமல் உண்பதால் கேடில்லை என்பது அவள் எண்ணம். அடுத்த முறை சென்றபோது மருத்துவர் கம்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லில், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையே வெள்ளைக்கோடு ஒன்று தெரிந்தது.

"தேய்த்தால் போய்விடுமா, டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"போகாது, அம்மா. அது அழுக்கன்று, பல்லே கரைந்த இடம். இனிமேல் பெரிதாகாமல் நிறுத்தலாம். அதுவும் உன் கையில்தான் இருக்கிறது" என்றார் மருத்துவர்.

அன்று அவர் கற்றுத்தந்த முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. முதலில் வாயில் நீரை நிறைத்து வேகமாகக் கொப்புளிக்க, பெரிய துகள்கள் வெளியேறும். மென்மையான தூரிகையை ஈறை நோக்கிச் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலுள்ள பகுதியைச் சிறு வட்டங்களாகத் துலக்க வேண்டும். பின்னர்த் தூரிகையை எதிர்ப்புறம் சாய்த்துப் பிராக்கெட்டுக்குக் கீழுள்ள பகுதியைத் துலக்க வேண்டும். பலர் நேராகக் கம்பியின் மீதே தேய்த்துவிட்டு முடிந்தது என்று எண்ணுகின்றனர். கம்பி மினுங்கும், அதன் மேலும் கீழும் படலம் அப்படியே இருக்கும். கம்பிக்கு அடியில் நுழைவதற்கென்றே புட்டி கழுவும் தூரிகையைப்போல் வடிவமைந்த சின்னஞ்சிறு தூரிகை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதனை ஒவ்வொரு பிராக்கெட்டின் இருபுறமும் செலுத்தி எடுத்தல் வேண்டும். பற்களின் உட்புறத்தையும் கடைவாயையும் மறத்தலாகாது. இவ்வளவும் செய்து முடிக்க நான்கைந்து நிமிடமாவது ஆகும். ஃபுளோரைடு கலந்த பற்பசை, கரையத் தொடங்கிய எனாமலுக்கு வலுவூட்டும். ஆதலால் நுரையைத் துப்பியபின் வாயைப் பலமுறை அலசாமல் விடுவது நல்லது. காலையிலும் படுக்குமுன்னும் துலக்குதல் கட்டாயம். இவ்விரண்டில் இரவுத் துலக்கலே இன்றியமையாதது. ஏனெனில் உறங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பள்ளியில் உணவு உண்டபின் துலக்க இயலாவிடில் நன்றாகக் கொப்புளிக்கவேனும் வேண்டும். வேப்பங்குச்சியால் துலக்கும் பழக்கமுடையவர்கள், கம்பி இருக்கும்வரை அதனை விட்டுவிடலாம். குச்சி பிராக்கெட்டில் இடறும், இடுக்கில் நுழையாது.

இனிப் பாட்டியின் ஐயத்திற்கு வரலாம். கம்பி பலகாரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. கடினமானவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். ஒட்டுபவை அதனைச் சுற்றி அப்பிக்கொள்ளும். முறுக்கு, சீடை, கரும்பு ஆகியவை முதல் வகை. சவ்வு மிட்டாயும் சூயிங்கமும் இரண்டாம் வகை. கடலைமிட்டாயும், வடநாட்டுக் குளிர்காலத்தில் தெருவெங்கும் விற்கும் கஜக், ரேவ்டி போன்றவையும் இரண்டு தீங்கையும் ஒருங்கே செய்பவை. கொய்யா, ஆப்பிள் முதலியவற்றை முன்பல்லால் கடிக்காமல், துண்டுகளாக நறுக்கிக் கடைவாயில் மென்று உண்ணலாம். மக்காச்சோளத்தை உதிர்த்து உண்ணலாம். இட்லி, பொங்கல், தயிர்சோறு ஆகியவற்றுக்குத் தடையே இல்லை. கம்பி இறுக்கப்பட்ட பின் இரண்டு மூன்று நாள்கள் பற்கள் நோகும். அந்நாள்களில் தமிழர் சமையலைப்போல் உதவுவது வேறில்லை எனலாம். ஒன்று மட்டும் உண்டு: நிறமற்ற ரப்பர் வளையங்களைச் சாம்பாரின் மஞ்சள் ஒரே வாரத்தில் மஞ்சளாக்கிவிடும். இதனால் தீங்கொன்றுமில்லை, அடுத்த முறை மருத்துவர் புதிய வளையம் மாட்டுவார்.

எதை உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பது பெரிது. இனிப்பு வாயில் படும்போதெல்லாம் அமிலம் சுரந்து, அது தணிய அரைமணி நேரமளவும் ஆகும். ஓர் உருண்டையை உணவோடு உண்டு முடிப்பதும், அதே உருண்டையைப் பொடியாக்கி நாள் முழுவதும் சுவைப்பதும் பல்லுக்கு ஒன்றாகா. சிறுமி செய்த பிழை இதுவே.

சில வேளைகளில் கம்பியின் முனை கன்னத்தைக் குத்தும். மருத்துவர் தரும் மெழுகில் பட்டாணியளவு உருட்டி முனையின் மீது ஒட்டினால் வலி நீங்கும். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புநீர் போதும். பிராக்கெட் பெயர்ந்தால் தாமாகவே பிடுங்க முயலாமல் மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். கபடி, கூடைப்பந்து ஆடுவோர் பற்காப்பு உறை அணிதல் நன்று.

சிறுமிக்கு இருபத்திரண்டு மாதங்கள் கழித்துக் கம்பி அகற்றப்பட்டது. பற்கள் வரிசையாக நின்றன. நகர்ந்த பற்கள் பழைய இடத்திற்கே திரும்ப முயலுமாதலால், ரிட்டெய்னர் என்னும் கழற்றி மாட்டும் தட்டு ஒன்றை மருத்துவர் கொடுத்தார். அதனைக் குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் உருமாறும். உண்ணும்போது கழற்றிக் காகிதத்தில் மடித்து வைப்பவர்கள் மறதியால் குப்பையில் எறிந்துவிடுவதும் உண்டு. அதற்கெனத் தரும் டப்பியில் வைப்பதே முறை.

வீட்டிற்கு வந்ததும் அவள் பாட்டியைக் காணொலியில் அழைத்தாள்.

"சிரி, பார்க்கலாம்" என்றார் பாட்டி. அவள் சிரித்தாள்.

"முத்துப்போல இருக்கிறது. அந்தக் கோரைப்பல்லில் என்னடி, வெள்ளையாக?"

"அது உங்கள் உருண்டை, பாட்டி" என்றாள் பேத்தி. பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் பொட்டலத்தில் முறுக்கு இருமடங்காக வந்தது.

பயிற்சி

1. தெற்றுப்பல், எத்துப்பல் இவற்றின் வேறுபாட்டை விளக்குக.
2. கடிக்காமல் உண்டும் சிறுமியின் பல்லில் வெள்ளைக்கோடு விழுந்தது ஏன்?
3. உங்கள் ஊரில் விற்கும் தின்பண்டங்களுள் கம்பி கட்டியவர் தவிர்க்க வேண்டியவை யாவை? காரணத்துடன் எழுதுக.
4. கம்பி கட்டிக்கொள்ளப்போகும் நண்பருக்கு, பல் துலக்கும் முறையை விளக்கி ஒரு கடிதம் எழுதுக.