கல்லீரலும் காசநோய் மாத்திரையும்



ஏரிக்கோ கடலுக்கோ தொழிலுக்குப் போகும் நாளில் காசநோய் மாத்திரையை விட்டுவிட்டு, மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. காரணம் நம் கல்லீரல்.

ஐசோனியாசிட் மருந்து இரத்தத்தில் கலந்ததும், கல்லீரல் அதைச் செயலற்ற பொருளாக மாற்றத் தொடங்குகிறது. இந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் உடலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்து பாதியாகிவிடும்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதை ஆராய்ந்தது. வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தபோது, வேகமாக மாற்றும் உடல்வாகு உள்ளவர்களில் குணமானவர்கள் குறைவு. தினமும் கொடுத்தால் அந்தக் குறை நீங்குகிறது. நமது வேகம் எதுவென்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒரு நாளும் விடாமல், மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இம்மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, அடுத்த மாத்திரைக்கு முன் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்தைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள்.

ரமலானில் மாத்திரை நேரத்தையும் நோன்பையும் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.