12 வருஷ விஸ்கியும் உங்க சேவிங்ஸ் அக்கவுண்டும்

12 வருஷ ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை விட 18 வருஷத்துக்கு ஏன் விலை அதிகம்? பீப்பாயில் இருக்கும்போதே விஸ்கி ஆவியாகுது. ஸ்காட்லாந்து குளிரில் வருஷம் சுமார் 2%. 100 லிட்டர் 12 வருஷத்தில் 78 ஆகும், 18 வருஷத்தில் 70.

பெங்களூரு அம்ருத்தில் 10%க்கு மேல் போகும். 10%னு வச்சாலே 12 வருஷத்தில் மிச்சம் 28தான்! திண்டுக்கல் வெயிலை நினைச்சுப் பாருங்க.

பீப்பாயில் அளவு குறைஞ்சாலும் மரத்தின் மணமும் ருசியும் ஏறும். சேவிங்ஸ் அக்கவுண்டில்? வட்டி 3%, விலைவாசி 6%னு வச்சுக்கோங்க: உங்க ₹100-க்கு 12 வருஷம் கழிச்சு இன்றைய ₹71 மதிப்புதான்.

அவசரச் செலவுக்கு மட்டும் அங்கே வைங்க. மீதி சம்பளத்தை வளர்ற இடத்துக்கு மாத்துங்க.