ஏற்றத்தில் ஏறும் முன் கிளச்சைப் பாருங்கள்
வீடு திரும்பும் குடும்பங்களுக்கான வாகனப் பாடம்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையும் மண்சரிவும் மலையகத்தில் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற வைத்தன. வீடு திரும்பும்போது, வாரக்கணக்கில் ஈரத்தில் நின்ற காரிலோ வேனிலோதான் பலர் சாமான்களை ஏற்ற வேண்டியிருக்கிறது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாகச் செல்லும் பாதை, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை ஏறுகிறது. இத்தகைய ஏற்றத்தில் பாரத்துடன் கிளச் கைவிட்டால் வாகனம் பின்னோக்கி உருளக்கூடும். கிளச் பெரும்பாலும் அறிகுறி காட்டிய பின்னரே பழுதாகிறது. அந்த அறிகுறிகளை வாசிக்கத் தெரிந்தால் உயிரும் காப்பாற்றப்படும், பணமும் மிஞ்சும்.

கிளச் என்ன செய்கிறது?

என்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் கிளச் பிளேட் இருக்கிறது. பிரஷர் பிளேட் அதனை என்ஜினின் பிளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடுபடும். எனவே பழுதுகள் முக்கியமாக இரண்டு வகை: பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது.

வெள்ளத்தில் நின்ற வாகனமா?

என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் என்ஜின் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஒயில் தெளிவாக இருந்தாலும், மெக்கானிக் என்ஜினையும் கியர் ஒயிலையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

புறப்படும் முன் நான்கு சோதனைகள்

சமதரையில், டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள். வாகனத்தின் முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் எவரும் நிற்கக்கூடாது.

1. பெடல்: கையால் மெதுவாக அழுத்துங்கள். கேபிள் உள்ள வாகனங்களில் தொடக்கத்தில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளச் வழுக்கும். அதிகமாக இருந்தால் கிளச் முழுமையாக விடாது.

2. வழுக்கல்: என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி நான்காவது கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடினால் கிளச் வழுக்குகிறது. இதை ஒரு முறை மட்டும் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

3. விடாமை: நியூட்ரலில் என்ஜின் மெதுவாக ஓடும்போது கிளச்சை முழுவதும் மிதித்து, சில விநாடிகள் கழித்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கரகரவென அரைத்தால் கிளச் முழுமையாக விடவில்லை.

4. சத்தம்: பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பொக்ஸ் பெயரிங்கைப் பார்க்க வேண்டும்.

குறைந்த செலவிலிருந்து தொடங்குங்கள்

கேபிள்: மாருதி 800 போன்ற கார்களில் கேபிள்தான் கிளச்சை இழுக்கிறது. நட்டைத் திருப்பித் தளர்வைச் சரிசெய்யலாம். கம்பி இழைகள் பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

ஒயில்: ஹைஏஸ் போன்ற வேன்களில் பிரேக் ஒயில்தான் இந்த வேலையைச் செய்கிறது. பெடல் தளதளவென்று இறங்கினால் ஒயில் அளவையும், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றில் கசிவு உண்டா என்பதையும் பாருங்கள். மூடியில் குறிப்பிட்ட வகை ஒயிலையே ஊற்றுங்கள். என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும். கசிவைத் திருத்திய பின் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஒட்டிய பிளேட்: நீண்ட நாள் ஈரத்தில் நின்றால் பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளலாம். பெடல் இலகுவாக இறங்கியும் கியர் விழாது. நியூட்ரலில் சிறிது நேரம் என்ஜினைச் சூடாக்கினால் சில வேளை விடும். விடாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தேய்ந்த பிளேட்: ஏற்றத்தில் என்ஜின் இரைந்தும் வேகம் கூடாமல், கருகிய வாடை வந்தால், பிளேட் தேய்ந்திருக்கலாம் அல்லது அதில் ஒயில் பட்டிருக்கலாம். இதற்குக் கியர் பொக்ஸை இறக்கியே ஆகவேண்டும்.

கராஜில் கேளுங்கள்

• கேபிளும் ஒயிலும் முதலில் பார்க்கப்பட்டதா?
• கியர் பொக்ஸை இறக்கினால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றலாமா? இறக்கும் கூலி இரண்டாம் முறை வராது.
• என்ஜின் ஒயில் சீல் கசிகிறதா? கசிந்தால் புதிய பிளேட்டும் வீணாகும்.
• கழற்றிய பழைய பாகங்களைக் காட்ட முடியுமா?

வழியில்

• பாரத்தைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டு செல்லுங்கள்.
• ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கால் நிறுத்துங்கள், அரைக் கிளச்சால் அல்ல. ஓடும்போது பெடல் மேல் கால் வைத்திருக்க வேண்டாம்.
• கினிகத்தேனை, ரம்பொடை போன்ற இறக்கங்களில் குறைந்த கியரில் இறங்குங்கள். கிளச்சை மிதித்தோ நியூட்ரலிலோ இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும்.
• வாகனம் நின்றுவிட்டால் மண்மேட்டின் அடியிலோ வளைவிலோ நிறுத்தாதீர்கள். டயருக்கு வைத்த கல்லைப் புறப்படும்போது பாதையிலிருந்து அகற்றுங்கள்.
• மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின் புறப்படுங்கள். அனர்த்த உதவிக்கு 117, அம்புலன்சுக்கு 1990.

நினைவிற் கொள்க: நான்கு சோதனைகளில் ஒன்று தவறினாலும் குடும்பத்தை ஏற்றாதீர்கள். வாகனத்தைத் திருத்திய பின் வெறுமையாக ஒரு சிறு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே பயணத்தைத் தொடங்குங்கள்.