ஷோப்பானும் மூன்று தட்டும்

போலந்து நாட்டார் தங்கள் பண்பாட்டு விழாவை எந்த ஊரில் நடத்தினாலும், பெரும்பாலும் அதன் நடுநாயகமாக ஓர் இசைப் புலவரை அமர்த்திவிடுகிறார்கள். அவரே பிரெடெரிக் ஷோப்பான். இவ்விழாக்களில் நம்மவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. முதல் நாள் மாலையில் ஒரு பியானோக் கலைஞர் ஏட்டில் எழுதியுள்ள சுரங்களில் ஒன்றும் பிசகாமல் ஷோப்பானின் உருப்படியை வாசிப்பார். மறுநாள் அதே உருப்படியை ஜாஸ் குழுவினர் எடுத்துத் தம் மனம் போனபடி விரித்து வாசிப்பார்கள். மற்றொரு நாள் கிராமத்து வயலின்காரர் வருவார். சொல்லே இல்லாமல் வாயினால் மட்டும் சுரங்களைப் பாடும் குழுவினரும் வருவதுண்டு.

இது வழிபாடா, விளையாட்டா? பழம்பெரும் இசையை இப்படிப் பல பாத்திரங்களில் ஊற்றிக் கொடுக்கலாமா என்று கேட்போர் அந்நாட்டிலும் உண்டு. நம் விடுதியிலும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஷோப்பான் கிராமத்திலிருந்து எடுத்துக்கொண்ட தாளத்தைக் கீழே சிந்திவிட்டு, மெட்டை மட்டும் தூக்கிச் செல்வது வேறு. அதனை நான் விழா என்று சொல்லமாட்டேன். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோப்பான் 1810-ஆம் ஆண்டு வார்ஸாவுக்கு மேற்கே உள்ள ஷெலாசோவா வோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் போலந்துப் பெண்மணி. ஏழு வயதிலேயே அவருடைய முதல் உருப்படி அச்சேறியது. 1830-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வார்ஸாவை விட்டுப் புறப்பட்டார். அம்மாதம் முடிவதற்குள் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியை எதிர்த்து வார்ஸாவில் புரட்சி மூண்டது, அது அடக்கப்பட்டது. அவர் பின்னர்த் தாயகம் திரும்பவே இல்லை. பாரிஸில் வாழ்ந்து, 1849-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், தம் முப்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும்.

அவர் எழுதியவற்றுள் மசூர்க்கா என்னும் வகையே நம் பேச்சுக்கு வேண்டுவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்க்காக்களை அவர் எழுதியுள்ளார். பெரும் பகுதி ஊரை விட்டு வந்த பின் எழுதப்பட்டவை. வார்ஸாவைச் சூழ்ந்த மசோவியா, அதன் அயலிலுள்ள குயாவி ஆகிய நாட்டுப்புறங்களின் ஆட்டங்களே இவற்றுக்கு வேர். மசூர், குயாவியாக், ஓபெரெக் என்று மூன்று வகை சொல்வர். குயாவியாக் மெதுவானது, ஓபெரெக் சுழன்று சுழன்று ஆடும் விரைவான ஆட்டம், மசூர் இடைப்பட்டது. மூன்றிலும் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்பதுதான். ஆயினும் வால்ஸ் என்னும் நடனத்தில் அழுத்தம் எப்போதும் முதல் தட்டில் விழ, இங்கோ அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். அடுத்த வரியில் இடம் மாறியும் விழும். கால் தரையில் ஊன்றும் இடம் அது. ஆட்டக்காரனின் கால்தான் தாளத்தை முடிவு செய்கிறது.

சிறுவன் ஷோப்பான் 1824, 1825 ஆகிய இரண்டாண்டுக் கோடை விடுமுறைகளை ஷாஃபார்னியா என்னும் ஊரில் ஒரு நண்பன் வீட்டில் கழித்தார். அங்கே குடியானவர் பாட்டையும் வயலினையும் அருகிருந்து கேட்டார். அந்த இசையில் இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று, அடியில் ஒரே சுரமோ, ஷட்ஜம பஞ்சமம் போன்ற இரண்டு சுரங்களோ விடாமல் ஒலிப்பது. நமக்குத் தம்பூரா நினைவு வரும், அவர்களுக்குத் தோல்பை இணைத்த ஊதுகுழல். மற்றொன்று, நான்காம் சுரம் வழக்கத்தைவிட அரைப் படி உயர்ந்து நிற்பது. கருநாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதனை எளிதில் சொல்லிவிடலாம்: சுத்த மத்திமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்திமம், சங்கராபரணத்தின் நடுவே கல்யாணி எட்டிப் பார்ப்பது போன்றது. கல்யாணி இராகம் என்றே கொள்ள வேண்டா. சுரம் நிற்கும் இடம்தான் அது. ஐரோப்பிய அரங்கில் பழகிய காதுகளுக்கு இது தவறான சுரம்போலத் தோன்றியிருக்கும். ஷோப்பான் அதைத் திருத்தவில்லை. பாரிஸின் மாளிகைகளுக்குள் அப்படியே கொண்டு போனார்.

தாளத்தைப் பற்றிய ஒரு செய்தி சார்லஸ் ஹாலே என்னும் பியானோக் கலைஞர் எழுதிய நினைவுகளில் இருக்கிறது. ஷோப்பான் தம் மசூர்க்காவைத் தாமே வாசிக்கும்போது அது மூன்று எண்ணிக்கையாக அல்லாமல் நான்கு எண்ணிக்கையாகக் கேட்கிறதே என்று ஹாலே ஒரு முறை சொன்னாராம். முதல் சுரத்தில் அவ்வளவு நேரம் தங்கிவிடுகிறார் என்பது அவர் கணக்கு. ஷோப்பான் உறுதியாக மறுத்தார். உடனே ஹாலே அவரை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று வாய்விட்டு நான்கு நான்காக எண்ணினார். எண்ணிக்கை சரியாகப் பொருந்திற்று! ஷோப்பான் சிரித்துவிட்டு, அது எங்கள் நாட்டு ஆட்டத்தின் இயல்பு என்றார். இதே கருத்தைச் சொன்ன மேயர்பேர் என்னும் இசையறிஞரிடமோ அவர் சினங்கொண்டு, மூன்றே மூன்று என்று வாதாடினார் என மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நண்பரிடம் சிரிப்பு, புகழ் பெற்ற பெரியவரிடம் சினம். இரண்டும் மனித இயல்புதானே.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. எழுத்தில் மூன்று தட்டும் சமம். கையிலோ ஒன்று நீள, ஒன்று குறுகுகிறது. மசோவியாவின் கிராமத்து வயலின்காரர்களும் இவ்வாறே சமமில்லாத தட்டுகளில்தான் வாசிக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் சிலர் மசூர்க்கா ஒலிப்பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொரு தட்டின் கால அளவையும் கணிப்பொறியால் அளந்தார்கள். கலைஞர்க்குக் கலைஞர் அந்த அளவு மாறுவது, கைரேகை மாறுவதைப் போன்றது. இதனால் எதிர்பாராத ஒரு பயனும் விளைந்தது. ஜாய்ஸ் ஹாட்டோ என்பவர் பெயரில் வெளிவந்த மசூர்க்கா ஒலிப்பதிவும், யூஜின் இந்ஜிச் என்பவர் வாசித்ததும் தட்டுக்குத் தட்டு ஒத்திருந்தன. இருவர் கை அவ்வாறு ஒத்திருக்க வழியே இல்லை. 2007-ஆம் ஆண்டில் அந்தப் போலிப் பதிப்புகள் வெளிச்சத்துக்கு வந்தன. மசூர்க்காவின் தாளம் எவ்வளவு தனிப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி, போலந்து மக்கள் இந்த இசையை ஏன் உயிராகக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஷோப்பானின் உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. இதயமோ, அவர் தமக்கை லுத்விகாவால் வார்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் அங்கே திருச்சிலுவை ஆலயத்தின் தூண் ஒன்றினுள் இருக்கிறது. வாஷென்கிப் பூங்காவில் 1926-ஆம் ஆண்டு அவருக்கு எழுப்பிய வெண்கலச் சிலையை ஜெர்மானியர் 1940-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவருடைய இசைக்கும் தடை விதித்தார்கள். மக்கள் வீடுகளுக்குள் மறைவாகக் கூடிக் கேட்டார்கள். சிலை 1958-ஆம் ஆண்டு மீண்டும் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு முதல் கோடைகால ஞாயிறுதோறும் அதனடியில் கட்டணமின்றிப் பியானோக் கச்சேரி நடந்து வருகிறது. இவ்வளவு பாடுபட்டுக் காத்ததை எவரும் எப்படியும் வாசிக்கலாம் என்று விட்டுவிட மனம் வருமா? காவல் மனப்பான்மைக்குக் காரணம் இதுவே.

அந்தக் காவலின் உச்சம், வார்ஸாவில் 1927-இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னும் முறையில் நடைபெறும் ஷோப்பான் பியானோப் போட்டி. அங்கே வேறு எவருடைய இசைக்கும் இடமில்லை. ஆயினும் காவலர்களுக்குள்ளும் சண்டை வந்தது. 1980-இல் இவோ பொகொரெலிச் என்னும் இளைஞர் தம் போக்கில் வாசித்தார் என்று இறுதிச் சுற்றுக்கு முன்பே நீக்கப்பட்டார். அதனை எதிர்த்து, நடுவர் குழுவிலிருந்த மார்த்தா ஆர்கெரிச் வெளியேறினார். அவ்வாண்டு முதற் பரிசு பெற்றவர் வியட்நாமின் டாங் தாய் சோன். அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. ஷோப்பானின் 'சரியான' வாசிப்பு எது என்பதில் அறிஞரே ஒன்றுபடவில்லை என்றால், ஜாஸ்காரரை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

ஷோப்பானே அந்த வாசலை அடைக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. பாலின் வியார்டோ என்னும் பாடகியார் மசூர்க்காக்கள் சிலவற்றுக்குச் சொல் பொருத்திப் பாடினார். 1848-இல் லண்டனில் ஷோப்பான் வாசித்த கச்சேரி ஒன்றிலேயே அவை பாடப்பட்டன. மாணவர்களின் ஏடுகளிலும் அவர் தம் கையாலேயே மாற்றுச் சங்கதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்பதாம் தொகுதியின் இரண்டாம் இரவிசைக்கு அவ்வாறு பல வடிவங்கள் கிடைத்துள்ளன. அச்சான பின்னும் அவருக்கு அந்த உருப்படி முடிந்துவிடவில்லை.

ஜாஸுக்கு வருவோம். போலந்தில் ஸ்டாலின் காலத்து அரசு ஜாஸ் இசையை வெறுத்தது. 1956-இல் சோபோட் நகரில் நடந்த விழாவோடுதான் அது தலை நிமிர்ந்தது. 1958-இல் அமெரிக்கரான டேவ் புரூபெக் தம் குழுவினருடன் போலந்துக்குச் சென்றார். அந்தப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். போலந்தில் ஷோப்பானை நினைந்து ஒரு சிறு உருப்படி இயற்றி, அதற்கு அந்நாட்டு மொழியில் 'நன்றி' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்நியர் ஒருவர் இரு தடைகளையும் நினைவில் வைத்துச் செய்த மரியாதை போல எனக்குப் படுகிறது. 1971-இல் நோவி என்னும் பாடகர் குழு ஷோப்பானைச் சொல்லின்றி வாயால் பாடி இசைத்தட்டு வெளியிட்டது. 1994-இல் இரண்டு பதிவுகள் வந்தன. ஆன்ட்ஷெய் யாகோஜின்ஸ்கி மூவர் குழுவாகவும், லெஷெக் மோஷ்ஜெர் தனிப் பியானோவிலும் ஷோப்பானை ஜாஸ் ஆக்கினார்கள். போலந்தின் இசைப் பரிசுக்கே 'பிரெடெரிக்' என்று பெயர். செவ்விசை, ஜாஸ், மக்கள் விரும்பும் மெல்லிசை எல்லாவற்றுக்கும் அது வழங்கப்படுகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. ஜாஸ் என்பதும் எழுதிய தட்டுக்குச் சற்றுப் பின்தங்கியோ முந்தியோ நடப்பது, மசூர்க்காவும் அத்தகையது. ஆகவே இவை சந்திக்கும் இடத்தில் உண்மையான உறவு இருக்கிறது. யாகோஜின்ஸ்கியைக் கேட்கும்போது அந்த உறவை உணர்கிறேன். 1918-இல் அமெரிக்க நாடக மேடையில் புகழ்பெற்ற பாட்டு ஒன்றோ வேறு வகை. ஷோப்பான் தம் வாழ்நாளில் வெளியிடாமலே வைத்திருந்த உருப்படி ஒன்றின் நடுப்பகுதி மெட்டை எடுத்து அதற்குக் காதல் ஏக்கச் சொற்களைத் தைத்தார்கள். அச்சேறாத ஏடுகளை எரித்துவிடச் சொல்லிச் சென்றவர் அவர்! மெட்டு இனிமையானதுதான்; மறுக்கவில்லை. ஆனால் அதில் போலந்தும் இல்லை, ஷோப்பானும் இல்லை. சர்க்கரை மட்டும் இருக்கிறது.

2010-ஆம் ஆண்டு அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டு. வார்ஸாவின் தெருக்களில், பொத்தானை அழுத்தினால் ஷோப்பான் இசை ஒலிக்கும் கல் இருக்கைகளை வைத்தார்கள். அவ்வாண்டு நடந்தவற்றுள் என் உள்ளம் கவர்ந்தவை இரண்டு. மரியா பொமியானோவ்ஸ்கா என்னும் கலைஞர் பல கண்டங்களின் கருவிகளைக் கொண்டு ஷோப்பானை இசைத்தார். இவர் இந்தியாவில் சாரங்கி பயின்றவர். போலந்தில் வழக்கொழிந்து, பழைய ஓவியம் முதலியவற்றின் துணையால் மீட்கப்பட்ட 'சூகா' என்னும் வில்வாத்தியத்தை வாசிப்பவர். சாரங்கியைப் போலவே சூகாவிலும் தந்தியை நகத்தால் பக்கவாட்டில் தொட்டு வாசிக்க வேண்டும். மற்றொன்று, உலகத்து மசூர்க்காக்கள் அனைத்துக்கும் என்று வார்ஸாவில் தொடங்கிய விழா. அதில் கிராமத்து முதியவர்கள் வயலின் வாசிக்க, நகரத்து இளைஞர்கள் இரவெல்லாம் ஆடுகிறார்கள். மேடையில் உட்கார்ந்து கேட்கும் பொருளாகிப் போன தாளம் மீண்டும் காலுக்கு வந்தது. ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு, நம் பாட்டுகளுள் எவை இன்னும் காலிலும் கையிலும் இருக்கின்றன, எவை பெட்டிக்குள் போய்விட்டன என்று எண்ணத் தோன்றும்.

கேட்க விரும்பும் நண்பர்கள் அறுபத்தெட்டாம் தொகுதியின் மூன்றாம் மசூர்க்காவிலிருந்து தொடங்கலாம். ஒன்றரை நிமிடம் அளவுதான் இருக்கும். நடுவில் ஓரிடத்தில் இடக்கை இரண்டு சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க, வலக்கை ஆயன் குழல் போல மேலே ஓடும். அங்கே பிரதி மத்திமத்தைத் தேடிப் பாருங்கள். கேட்கும்போது மேசைமேல் விரலால் மூன்று தட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். சில தட்டுகளில் விரல் முந்திக்கொள்ளும், பியானோ பிந்தும். அதன்பின் யாகோஜின்ஸ்கியின் பதிவில் ஒரு மசூர்க்காவைப் போடுங்கள். விரலை மேசையிலிருந்து எடுக்க வேண்டா.