அமரிக்கையான பிள்ளை

வகுப்பிலே ஓரிடத்தில் இராமல் ஓடித் திரியும் பையனைக் குழப்படிகாரன் என்கிறோம். ஆசிரியர் அவனை அதிபரிடம் கொண்டு போவார். அதிபர் பெற்றோரை அழைப்பார். பெற்றோர் வைத்தியரிடம் போவர். அதே வகுப்பில் யன்னலோரம் இருந்து பராக்குப் பார்க்கும் பெண்பிள்ளையைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவள் அமரிக்கையான பிள்ளை. வளர்ந்து, கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின்னரும் அடுப்பில் பால் பொங்கி வழியும். வங்கிப் புத்தகத்தை வைத்த இடம் தெரியாது. தொடங்கிய வேலை எதுவும் முடியாது. மாமியார் அவளைச் சோம்பேறி என்பார். அவளும் அதை நம்பிவிடுவாள்.

வாசகர்களே, இன்று பல நாடுகளில் முப்பது, நாற்பது, ஏன் ஐம்பது வயதுப் பெண்களும் இத்தகைய வாழ்வுக்குக் காரணம் இருந்ததை முதன்முறையாக அறிகிறார்கள். சிலருக்கு அது ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக் குறைவு, மிகைத் துடியாட்ட நிலை. சிலருக்கு ஓட்டிசம். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு. இரண்டும் பிறப்போடு வரும் மூளை வளர்ச்சியின் வேறுபாடுகள். பெற்றோர் வளர்த்த வளர்ப்பில் வந்தவை அல்ல. நாற்பது வயதில் புதிதாகத் தொற்றுபவையும் அல்ல.

இவ்வளவு காலம் ஏன் தெரியாமற் போயிற்று? அமெரிக்காவில் லியோ கனர் 1943-ல் ஓட்டிசத்தை விவரித்தபோது அவர் எழுதிய 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் விவரித்த நால்வரும் ஆண்பிள்ளைகளே. பையன்களைப் பார்த்து எழுதிய குறிகளைக் கொண்டே பின்வந்தோர் எல்லோரையும் அளந்தார்கள். பையனின் சட்டையைப் பெண்பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து அளவில்லை என்று சொன்ன கதைதான். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட கணக்கு, 2017-ல் பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கியபோது மூவருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இன்னொரு காரணம் பெண்களின் கெட்டித்தனமே. ஓட்டிசமுள்ள பெண்பிள்ளை மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்போது தானும் சிரிக்கப் பழகுகிறாள். கண்ணைப் பார்த்துப் பேசுவதையும், விருந்தாளியிடம் சுகம் விசாரிப்பதையும் பாடம்போல மனனம் செய்கிறாள். வெளிப்பார்வைக்குக் குறையொன்றும் தெரியாது. கலியாண வீட்டிலிருந்து திரும்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் படுத்திருப்பது மட்டும் வீட்டாருக்குப் புதிராக இருக்கும். லண்டன் ஆய்வாளர்கள் பிந்திய வயதில் ஓட்டிசம் கண்டறியப்பட்ட 14 பெண்களிடம் விரிவாகக் கேட்டு 2016-ல் எழுதிய கட்டுரையில் இந்த நடிப்பும் அதன் களைப்பும் தெளிவாக வருகின்றன. அதிலும் கொடியது ஒன்றுண்டு. பிறர் மனத்திலுள்ள தீய நோக்கத்தை உணரவும், ‘மாட்டேன்’ என்று மறுத்துச் சொல்லவும் தெரியாமையால் அவர்களிற் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதனை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்துப் பாடகி சூசன் பொயில் என்னும் கத்தோலிக்கப் பெண்ணை நம்மிற் பலர் அறிவோம். 2010-ல் கிளாஸ்கோ நகரில் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் முன்னிலையில் பாடியவர். பிறக்கும்போது மூளை பழுதுபட்டதென்று சிறு வயதிலேயே அவருக்கு முத்திரை குத்தப்பட்டது. பள்ளியில் கேலி செய்யப்பட்டார். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அது ஓட்டிசத்தைச் சேர்ந்த அஸ்பேர்கர் நிலை என்று அறிந்தார். அதை அவர் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னபோது வெட்கமாக அன்றி ஆறுதலாகவே சொன்னார்.

சோம்பல் தலையான பாவங்களில் ஒன்று என ஞானோபதேச வகுப்பில் படித்தோம். பாவத்துக்கு மனத்தின் சம்மதம் வேண்டும் என்பதையும் அதே வகுப்பில்தான் படித்தோம். எவ்வளவு முயன்றும் ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் அழுகிற பெண்ணிடம் சம்மதத்தை எங்கே தேடுவது?

நம் குடாநாட்டில் இதற்கொரு தனிச் சிக்கலுண்டு. ஏ.டி.எச்.டி. என்று தீர்மானிக்க, 12 வயதுக்கு முன்னரே அதன் குறிகள் இருந்தனவா என்று வைத்தியர் பார்ப்பார். 2013-க்கு முன் அந்த எல்லை 7 வயதாக இருந்தது. ஆனால் இன்று நாற்பது வயதிலிருக்கும் நம் சகோதரிகளின் பிள்ளைப்பருவம் ஷெல்லுக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே கழிந்தது. தூக்கமின்மை, திடுக்கிடல், கவனம் சிதறல் ஆகியன போர் தந்த மனவடுவாலும் வரும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கும் இலகுவல்ல. இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடையளித்துத் தாமே முடிவு கட்டுவோருக்கும் இதையே சொல்லவேண்டும்.

பெரும்பாலும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டப் போகும் தாய்தான், அவர் கேட்கும் கேள்விகளில் தன்னைக் கண்டுகொள்கிறாள். இவை குடும்பவழி வருவதால் அது வியப்பல்ல. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. ஏ.டி.எச்.டி.க்கு மருந்துண்டு, வைத்தியர் எழுதித் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டியது. ஓட்டிசத்துக்கென மருந்தில்லை, இரைச்சல் குறைந்த வீடு, முன்கூட்டியே சொல்லிவைத்த ஒழுங்கு, தனித்திருக்க ஒரு மணி நேரம் ஆகியவையே பெரிய உதவி. ‘விசர் ஆஸ்பத்திரிக்குப் போனவள்’ என்று ஊர் பேசும், தங்கைக்கு மாப்பிள்ளை வராது என்று அஞ்சி மறைப்பவர்களை நாம் அறிவோம். அந்த அச்சம் பொய்யல்ல. எனினும் விலையை ஒருத்தி மட்டும் வாழ்நாள் முழுவதும் கட்டுகிறாள்.

போகும்போது பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவை தொலைந்த வீடுகளே அதிகம். அப்படியானால் தாயையோ மூத்த தமக்கையையோ கூட அழைத்துச் செல்லுங்கள். ஐந்து வயதில் அவள் எப்படி விளையாடினாள், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள், எத்தனை குடையைத் தொலைத்தாள் என்பதெல்லாம் இப்போது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.